ஏழுமலை பாதையை அடைக்கப் போகிறோம்

என் உயிர் மச்சான் ஏழுமலைக்கு,

தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையைப் பாதி வியாபாரத்தில் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன். நீ போனதிலிருந்து குப்பத்தில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதே பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உன்னைத் திட்டவும் ஒரு ஆள் வேண்டாமா?

குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருந்ததே, தாழையும் அடப்பங்கொடியும் பின்னிக் கிடந்த மேடு. மாசி மகத்துக்கு அம்மனைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றித்தான் கடலுக்குப் போவீர்கள். நீ ஊர்த் தலைவரானதும் கூட்டத்தில் எழுந்து நின்றாய்.

"அம்மா இன்னா திருடியா, சந்துல பூந்துகினு போறதுக்கு? கோயில் வாசல்ல நின்னா நேரா கடல் தெரியணும்."

கருவாடு எடுக்க வந்த வெளியாள் நான். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அம்மனுக்குக் கடல் தெரிஞ்சா கடலுக்கும் அம்மன் தெரியும், மச்சான்" என்றேன். "நீ வியாபாரத்தப் பாரு. சாமி விசயம் ஒனக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தாய். கூட்டமும் சிரித்தது.

தாழையை வேரோடு வெட்டி, மேட்டை நடுவில் அறுத்து நேர்வழி போட்டீர்கள். அடுத்த மாசிக்கு அம்மன் கம்பீரமாகத்தான் போனாள். அதற்கடுத்த கார்த்திகைப் புயலில் கடல் அதே வழியாக வந்தது. மேட்டின் மேல் ஏறவில்லை. அது ஏன் ஏறப்போகிறது, நீதான் வாசல் வைத்திருந்தாயே. வலையை எடுக்க ஓடிய உன்னையும் அந்த வழியிலேயே இழுத்துக்கொண்டு போனது. மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் அடுப்புகூட நனையவில்லை. அந்தக் கடைசி நேரத்தில் உனக்குப் புரிந்ததா?

இப்போதெல்லாம் கடல் மாதம் பார்த்துச் சீறுவதில்லை. வருஷத்துக்கு வருஷம் இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது. உன் பெண்கள் இரண்டு பேரும் அந்த வழிக்கு நேர் எதிரில்தான் தூங்குகிறார்கள்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி கன்னியம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. பனை ஓலையில் வேலி கட்டி வழியை மறித்தாள். காற்று கொண்டுவந்த மணல் ஓலையடியில் முழங்கால் உயரம் சேர்ந்தது. அதில் தாழைக் கன்றும் அடப்பங்கொடியும் நட்டாள். மாசி வந்ததும், அம்மன் போக வழி வேண்டுமென்று குப்பத்துப் பையன்கள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள்.

"அண்ணன் போட்ட வழிய அடைக்கிறியே அண்ணி, மனசு வருதா ஒனக்கு?"

"அந்த வழிலதான்டா அவுரு போனாரு" என்றாள்.

 மறுநாள் அந்தப் பையன்கள் அங்கே 'ஏழுமலை பாதை' என்று பலகை நட்டு, உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். இனி அதை யார் தொடுவது? உயிரோடு இருந்தபோது மேட்டை உடைத்தாய். செத்த பிறகு ஓட்டைக்குக் காவல் நிற்கிறாய்.

பாறாங்கல் கொட்டச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். கல் வரும்போது வரட்டும். தாழை நட எந்த ஆபீசர் கையெழுத்தும் தேவையில்லை.

மழைக்கு முன்னால் கன்னியம்மாவும் நானும் மறுபடி வேலி கட்டுவோம். அந்தப் பலகையை என் கையாலேயே பிடுங்குவேன். உன் படத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் உன் பெண்கள் பக்கத்தில் மாட்டுவேன். அவர்களைப் பார்த்துக்கொண்டு கிட. இது என் வாக்கு. ஊர் என்னை அடித்துத் துரத்தினாலும் அடுத்த லோடுக்கு வந்து நிற்பேன். வேலி விழுந்திருந்தால் திரும்பக் கட்டுவேன்.

உன் பெண்களுக்குத் தாய்மாமனாக நிற்கும்,
சண்முகம்