மேஜைக்கு அடியில் ஒரு கடை

வியாழன், இரவு.

ஆன்லைனில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறேன். கடை என்று பெயர்தான். சரக்கெல்லாம் வீட்டில் நான் ஆபீஸ் வேலை பார்க்கும் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை மீட்டிங்கில் கேமராவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, கீழே கையால் தடவி ஒரு பிரேக் ஹோஸை, அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை, பார்சல் போட்டேன். மண்ணூர்பேட்டை டாக்ஸி டிரைவர் துரையின் ஆர்டர்.

இன்று மதியம் குனிந்து பார்த்தால் புது ஹோஸ் அங்கேயே இருக்கிறது. பிரேக் ஆயில் கசிகிறது என்று வேறொருவர் திருப்பி அனுப்பியதைத்தான் காணோம். அதைத் தனியாக எடுத்து வைக்கச் சோம்பல் எனக்கு.

உடனே துரைக்கு போன் போட்டேன். அப்போதும் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், நீ அனுப்புன ஹோஸ மாட்டிட்டேன். பிரேக் நச்சுனு புடிக்குது. அந்த தைரியத்துலதான் திருமலைக்கு சவாரி ஏத்திகினு வந்துகீறேன், அஞ்சு பேரு. இந்த டீயக் குடிச்சிட்டு மலை ஏற வேண்டியதுதான்."

சொல்ல வாயைத் திறந்தேன். லேப்டாப்பில் மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம்ணா, நானே கூப்பிடுறேன்" என்று துரையின் போனை கட் பண்ணிவிட்டேன்.

மேனேஜருக்கு ஒன்றும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. என் முகம் இருட்டாகத் தெரிகிறதாம். லைட்டைப் போடச் சொன்னார். எழுந்து போய்ப் போட்டேன்.

அதன் பிறகு துரையின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இப்போதுகூட அடித்துப் பார்த்தேன்.

மலை ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போதுதான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரவேண்டும்.