கோப்பை ஆட்டத்தில் சுந்தரத்துக்குப் பட்ட அடி

என் பிரியமுள்ள மச்சான் எத்திராஜ்,

நீ போன பிறகு நம் தோல் பதனிடும் ஷாப்பின் கால்பந்து அணி ஆடிய முதல் ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வாணியம்பாடிக்காரர்களோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம். தோற்றுவிட்டோம். அதற்குக் காரணம் நான்தான் என்று ஆம்பூர் பஜாரில் பேச்சு. அந்தப் பேச்சு வேறு விதமாக உன்னிடம் வந்து சேருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்துக்கு முன் முதலுதவிக்காரன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மைதானத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கண்ணாடிச் சில்லும் முள்ளும் பொறுக்கினேன். வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள். தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று பாதம் வெடித்தவர்கள். ஒவ்வொருவனையும் உட்கார வைத்து, வெடிப்பில் டிங்சர் தடவித் துணி சுற்றினேன். கொதித்து ஆறிய தண்ணீர், கட்டுத்துணி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட மூங்கில் பத்தை, தூக்கிப் போகக் கயிற்றுக் கட்டில், எல்லாம் கோட்டுக்கு வெளியே தயாராக இருந்தன. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்த காலத்திலும் நான் இப்படித்தானே? விடை சரி என்று தெரிந்தாலும் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பேன்.

நீ ஒருவன்தான் இல்லை. எவனுக்குக் கணுக்கால் பிசகியது, எவன் இனி ஆடக் கூடாது என்று நான் உன் காதில் சொல்வேன். "டேய், வெளிய வாடா! என் மாப்ளே சொல்லிட்டாரு, அப்பீல் கெடையாது!" என்று நீ கத்துவாய். ஷாப்புச் சங்கு ஊதின மாதிரி இருக்கும். முதலாளிகூட மறுத்துப் பேசியதில்லை.

கிளம்பும்போது உன் தங்கை கேட்டாள்: "எங்கண்ணன் இல்லியே, இன்னிக்கி யாரு காதுல சொல்லப் போறீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்த நேரம். உயரமாக வந்த பந்துக்கு உன் மகன் சுந்தரமும் வாணியம்பாடிப் பையன் ஒருவனும் எம்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. சுந்தரம் விழுந்தான். நான் போய்ச் சேருவதற்குள் ஒருவன் அவன் கையைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் வாயில் ஊற்றக் கோலி சோடாவை உடைக்கிறான். "தூக்காதீங்க, எதுவும் ஊத்தாதீங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அதற்குள் அவனே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கூட்டம் கை தட்டியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பேர் கேட்டேன், சொன்னான். யாரோடு ஆட்டம் என்றேன், சரியாகச் சொன்னான். "வுடு மாமா, ஒண்ணும் இல்ல" என்றான். பிறகு நீ வழக்கமாக நிற்கிற கோல் கம்பத்துப் பக்கம் பார்த்தான்.

"அப்பா இன்னா இன்னிக்கி கம்முனு கீறாரு? சத்தமே காணோம்?"

மச்சான், தை மாசம் உனக்குக் கொள்ளி வைத்தவன் அவன்.

வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. கேப்டன் காசிமிடம் ஓடி, அவன் ஆடக் கூடாது என்றேன்.

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? நிக்கிறான், சிரிக்கிறான். பத்து பேரை வெச்சிக்கினு கோப்பைய எப்டி தூக்கறது?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஒருவன் வெளியேறினால் வேறு ஆள் இறக்க விதி இல்லை. சுந்தரம் தன் இடத்துக்குப் போய்விட்டான். ரெஃபரி விசிலை வாயில் வைத்தார். எனக்கும் சந்தேகம் வந்தது. துக்கத்தில் வாய் தவறிக் கேட்டிருப்பானோ? அன்று நானே அந்தக் கம்பத்துப் பக்கம் எத்தனை தடவை உன்னைத் தேடினேன்! ஆனால் அதே தலையில் இன்னொரு அடி விழுந்தால்? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

நேரே போய்ப் பந்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தாத்தாவுக்கு மயக்கம்பா! அந்த சோடாவ இவருக்குக் குடுங்க!"

"வாத்தியாரே, எல போடட்டுமா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது. ரெஃபரி வந்து, "எழுந்திருங்க சார்" என்றார். "அவனை வெளியே அனுப்புங்கள், எழுந்திருக்கிறேன்" என்றேன்.  

காசிம் குனிந்தான். "இன்னாதான் சார் பாத்தீங்க?"

சுந்தரம் கேட்டதைச் சொன்னேன். காசிம் முகம் மாறிவிட்டது. நேரே போய், சுந்தரத்தின் தோளில் கை போட்டுக் கோட்டுக்கு வெளியே நடத்திக்கொண்டு போனான். பத்துப் பேராகத்தான் ஆடினார்கள். கடைசியில் ஒரு கோலில் கோப்பை போயிற்று.

டாக்டர் வருவதற்குள் சுந்தரம் வாந்தி எடுத்தான். மறுபடி உன்னைக் கேட்டான். கேட்டதை மறந்து மறுபடியும் கேட்டான். எதைச் செய்யக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு என்ன பதில் என்று யாரும் சொல்லவில்லை. "அப்பா வெளிய வாடான்னு சொல்லிட்டாரு, படுத்துக்கோ" என்றேன். உடனே படுத்தான். உன் பேரால் சொன்ன பொய். பொறுத்துக்கொள்வாயா?

மூளை அதிர்ந்திருக்கிறது, வெளியே கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர். இருட்டறையில் படுக்க வைக்கச் சொன்னார். மறுநாள் காலை கண் விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா இப்ப இல்ல, அப்டிதான மாமா?"

"ஆமாண்டா, இல்ல."

சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான். உன் சாவு வீட்டில்கூட அவன் அப்படி அழவில்லை. பத்திரமாகக் கூட்டிவந்து, இந்தத் துக்கத்தைத்தான் அவன் கையில் கொடுத்தேனா என்றிருந்தது.

நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். "கிரவுண்டுல நான் இன்னா மாமா ஒளறினேன்?" என்று கேட்டான். மறைக்காமல் சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்போ அன்னிக்கி சாயந்தரம் பூரா எனக்கு அப்பா இருந்தாரு" என்றான். சிரித்தான், மச்சான். இந்தத் தடவை அது சரியான சிரிப்புத்தான். பலமுறை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

டாக்டர் சரி என்கிற வரை அவன் பந்தைத் தொட மாட்டான். அவன் கெஞ்சினாலும் சரி, காசிம் கெஞ்சினாலும் சரி. எவன் பிள்ளை விழுந்தாலும், எழுந்து நின்றுவிட்டான் என்று நான் விட்டுவிட மாட்டேன். பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். ஊர் சிரிக்கட்டும்.

சுந்தரத்தின் மாமா,
உன் மாப்ளே
கோதண்டம்