தாங்கள் அளித்த ஓய்விலிருந்து எனக்கு ஓய்வு கோருதல்

அனுப்புநர்:
மருந்துச் சீட்டு சரிபார்ப்பாளர் (மூன்று மாத ஓய்வு விடுப்பில்),
மருந்துக் கிடங்கு, பொது மருத்துவமனை.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
அதே மருத்துவமனை.

பொருள்: ஓய்வு விடுப்பில் செய்யவேண்டிய வேலைகள் பெருகிவிட்டமை குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்துப் புட்டிகளில் ஒட்டும் சீட்டுகளைப் பதினான்கு ஆண்டுகள் விடுப்பின்றிச் சரிபார்த்த நான், சென்ற மாதம் ஒரு குழந்தையின் மருந்தில் பெரியவர்களுக்கான அளவு இருந்ததைக் கவனிக்காமல் முத்திரையிட்டுவிட்டேன். செவிலியர் கண்ணில் பட்டதால் குழந்தை தப்பியது. என் கவனம் சிதறிவிட்டது என்று நானே எழுதிக் கேட்டதும் மூன்று மாத ஓய்வு தந்தீர்கள். அன்று உண்மையாகவே கண் கலங்கினேன்.

2. ஓய்வின் முதல் நாள் காலையிலேயே கிடங்குக் காப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, நீங்க நிம்மதியா தூங்குங்க. அந்த அலமாரிச் சாவி எங்கன்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்குங்க" என்றார். அன்று மட்டும் பதினோரு முறை என்னைத் தூங்கச் சொன்னார். இவ்வளவு அக்கறையை என் மனைவிகூடக் காட்டியதில்லை.

3. நான் ஒழுங்காக ஓய்வெடுக்கிறேனா என்பதை அறிய, வாரந்தோறும் நேரில் வந்து 'ஓய்வு முன்னேற்றப் படிவம்' நிரப்பப் பணித்தீர்கள். நான்கு பக்கம், மூன்று பிரதி. மனம் எத்தனை விழுக்காடு அமைதியடைந்தது என்ற கேள்விக்கு, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றபின் விடையெழுதுவது சற்றுக் கடினமாக உள்ளது.

4. எனக்குப் பதிலாக வந்தவருக்கு முத்திரையிடும் அதிகாரம் வழங்கும் கோப்பு தங்கள் மேசையில் ஓய்வெடுக்கிறது. அதை யாரும் எழுப்புவதில்லை. ஆகவே சீட்டுகளும் முத்திரையும் தினமும் பையில் என் வீட்டுக்கே வருகின்றன. விடுப்பு என்றால் வேலை வீடு தேடி வருவது என்று என் மகள் புரிந்துவைத்திருக்கிறாள்.

5. இனிக் கேலி வேண்டாம் ஐயா. இன்று காலை வந்த எண்பத்தாறு சீட்டுகளிலும் முத்திரையிட்டு அனுப்பிவிட்டேன். பை போனபின்தான் உறைத்தது, கடைசி முப்பதை நான் படிக்கவே இல்லை. கை மட்டும் வேலை செய்திருக்கிறது. குழந்தைகள் பிரிவுச் சீட்டுகளும் அவற்றில் இருந்தன. எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே தங்கள் அலுவலகத்தை அழைத்தேன். விடுப்பில் இருப்பவர்கள் எதையும் எழுத்து மூலமாகத்தான் தெரிவிக்கவேண்டுமாம்.

எனவே எழுதிவிட்டேன். அந்தப் புட்டிகள் ஒன்றுகூட வார்டுக்குப் போகாமல் முதலில் நிறுத்துங்கள். என் ஓய்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாள்: ஓய்வின் இருபத்திரண்டாம் நாள், முற்பகல்
இடம்: தங்கள் அறை வாசல்

இப்படிக்கு,
கதவு திறக்கக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
சரிபார்ப்பாளர்