பேசக் கூடாத பாடகிக்கு

செவிலிமேடு,
லெந்து மூன்றாம் வாரம்.

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் உன் சுகம் எப்படி என்பது செவிலிமேடு டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்போது நான் தனியாக என்னத்தைக் கேட்பது. போன ஞாயிறு ஆராதனையில் போதகர், நம் சபையின் மகள் ஜெர்மனிக்குப் பாட்டு படிக்கப் போன இடத்தில் குரலை இழந்து தவிக்கிறாள், அவளுக்காக ஜெபிப்போம் என்று மைக்கில் சொல்லிவிட்டார். மைக் நம் சவுண்ட் சர்வீஸுடையது, ஆம்ப்ளிஃபயர் நம்முடையது, மேலே கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரும் நம்முடையது. பாலாற்றங்கரை வரைக்கும் தெளிவாகக் கேட்டதாம், நாலு பேர் கூப்பிட்டுச் சொன்னார்கள். தொழில்காரன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். தொண்டையில் வீக்கம், ஒரு மாதம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகத்தான் நீ செய்தி அனுப்பியிருந்தாய். அது சபைக்குப் போய்ச் சேர்வதற்குள் குரலை இழந்ததாக ஆகிவிட்டது.

போனில் கூப்பிட்டால் நான் மட்டும் பேசிக்கொண்டிருக்க வேண்டும், நீ அந்தப் பக்கம் தலையாட்டுவாய். செல்லில் எழுதலாம் என்றால் என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வருகிறது. ஜரிகைக் கடை அக்பர் பாயின் மகள் நஸ்னீன் இந்த வியாழக்கிழமை உன் ஊருக்குப் பக்கத்தில்தான் வேலைக்குச் சேரப் போகிறாள், அவள் கையில் கொடுத்தால் பத்திரமாக வந்து சேரும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பாய் உனக்குப் பனங்கற்கண்டும் கொடுத்து அனுப்புகிறார். அதை வாயில் போட்டுக்கொள், ஆனால் ஊரில் ஒவ்வொருவரும் சொல்லி அனுப்புகிற கஷாயத்தையெல்லாம் அந்தத் தொண்டையில் ஊற்றிப் பார்க்காதே. பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்கா தறியை நிறுத்திவிட்டு அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போனாள். வேண்டுதலுக்கு உறுப்புத் தகடு வாங்கலாம் என்று வெள்ளிக் கடையில் கேட்டால் கண் இருக்கிறதாம், கை, கால், வயிறு எல்லாம் இருக்கிறதாம், தொண்டை மட்டும் இல்லையாம். கடைசியில் முழு முகத் தகடு வாங்கி உண்டியலில் போட்டாளாம். கடைக்காரர், முகம்னா கழுத்து வரிக்கும் வரும்மா, தொண்டையும் அதுலயே அடக்கம் என்று சமாதானம் சொன்னாராம். ஆக சர்ச்சில் ஜெபம், அம்மன் கோயிலில் வெள்ளி, தர்காவில் பாயின் துவா. எலெக்ஷனில்கூட இந்த ஊரில் இப்படி ஒரு கூட்டணி அமைந்ததில்லை. முன்னே நீ பாடுவதற்கு இவர்களில் ஒருவரும் வரவில்லை, பாடாமல் இருப்பதற்கு இவ்வளவு கூட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். குரல் திரும்பினாலும் பழைய மாதிரி வராது அப்பா, கடைசி வருஷக் கச்சேரியிலிருந்து பெயரை எடுத்துவிடப் போகிறேன், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், ஊருக்கு வந்து எந்த ஸ்கூலிலாவது பாட்டு டீச்சராக இருந்துகொள்கிறேன், மாமாவிடம் கேளுங்கள் என்று எழுதியிருந்தாய். கேட்டேன். உன் அம்மாவின் அண்ணன் காசிநாதன் இந்த ஒரு வேலைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். உனக்கு நினைவிருக்கும், நீ போகும்போது, இந்தப் படிப்புக்கு இன்னா வேலை கெடைக்கும் என்று அவர் கேட்டார். ஆபரா என்கிற பாட்டு நாடகக் கோஷ்டியில் பாடலாம், சர்ச் பாடகர் குழுவை நடத்தலாம், சொல்லிக்கொடுக்கலாம், படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுக்கலாம், சுற்றுலாக் கப்பலில் பாடலாம், பேச்சு வராதவர்களுக்குக் குரல் பயிற்சி கொடுக்கும் படிப்புக்கு மேலே போகலாம் என்று நீ விரல் விட்டுச் சொன்னாய். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுல பென்ஷன் வர்றது எதுமா என்றார். அன்று உனக்குக் கோபம் வந்தது. எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று நீ சொன்ன நாளில், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவன் மகள் படிக்க வேறு படிப்பா கிடைக்கவில்லை என்று கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இப்போது இந்த ஊரிலும் உனக்கு வேலைகள் வந்தபடி இருக்கின்றன, குறை சொல்லக் கூடாது. உனக்குக் குரல் சரியில்லை என்ற செய்தியோடு நீ திரும்பி வரலாம் என்ற செய்தியும் பரவியதும், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்காரர், ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் அறிவிப்பு செய்ய ஃபாரின் படித்த குரல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆள் அனுப்பினார். இன்னொருவர் கல்யாண ரிசப்ஷனுக்கு ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் அந்த இங்கிலீஷ் கத்தல் மட்டும் வேண்டாம் என்றார். பங்குனித் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஏணி மேல் நின்ற என்னிடம் கீழேயிருந்து ஒருவர், பொண்ணு வந்துக்கினு இருக்குதாமே, காணாம போன பசங்க பேரைச் சொல்றதுக்கு ஒரு நல்ல கொரலு வேணும் என்று கேட்டார். நீ இத்தாலி மொழியில் ஆயிரம் பேருக்கு நடுவில் பாடப் போகிறாய் என்று நான் அவருக்கு ஏணி மேலிருந்து விளக்கப் பார்த்தேன், அதற்குள் அவர் போய்விட்டார்.

இனி அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் தெரியாமல் நீ முடிவெடுக்கக் கூடாது. உன் செய்தி வந்த மறுநாள் காலையிலிருந்து உன் அம்மா பேசுவதில்லை. கோபமில்லை, விரதம். பொண்ணு வாய் திறக்கிற வரிக்கும் நானும் தொறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் இப்படி மௌன விரதம் இருப்பார்கள், அதை ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களோடு சேர்த்துவிட்டாள். போதகருக்கு இதை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று குழப்பம். வேதத்தில் சகரியா கொஞ்ச காலம் பேச்சில்லாமல் இருந்தார் என்று கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அது தேவதூதன் சொன்னதை நம்பாததற்கு வந்த தண்டனை ஆயிற்றே ஐயா என்றேன். யாருக்குத் தண்டனை என்று இரண்டே நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளாக, கொஞ்ச நேரம் சும்மா இரு ரேவதி என்று நான் சொல்லாத நாள் கிடையாது. இப்போது குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன். காய்காரரிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசுகிறாள், ஏமாறுவதும் இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமானால் தட்டில் கரண்டியால் தட்டுகிறாள். இதே ரேவதிதான் நீ பாட்டு படிக்கப் போகிறேன் என்றபோது சாப்பிடாமல் படுத்தாள், பாடுற பொண்ணை எவன் கட்டுவான், பி.காம் படிச்சா இன்னா குறைஞ்சிடும் என்று தன் அண்ணனோடு சேர்ந்துகொண்டு என்னைக் காய்ச்சியவள்.

நேற்று மத்தியானம் காசிநாதன் வந்தார். அவர் கிளார்க்காக இருக்கிற பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் இடம் காலியாம், தாளாளரிடம் அவரே பேசி முடித்துவிட்டார். நம்மீது அக்கறையில்தான் செய்கிறார், அதில் சந்தேகம் இல்லை. காலைப் பிரேயரில் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும், ஆண்டு விழாவில் டான்ஸுக்குப் பாட்டு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சோற்றைப் பிசைந்துகொண்டே, போனது போவட்டும் ரேவதி, பசங்களுக்கு சொல்லிக் குடுக்க இருக்கிற கொரலே போதும், அது இன்னா பெரிய பாட்டா பாடப் போவுது, மூட்டை கட்டிக்கினு வரச் சொல்லு என்றார். நீதானே கேட்கச் சொன்னாய், நான் என்ன சொல்வது. ரசம் ஊற்ற வந்த உன் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு வாயைத் திறந்து, என் பொண்ணு பாடும், அண்ணா, நீ சாப்பிடு என்றாள். சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, மோர் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும்தான் விரதம் கலைந்தது அவளுக்கு உறைத்தது, சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். இன்று காலையிலிருந்து மறுபடியும் பேசவில்லை.

ஏஞ்சல், நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. டீச்சர் வேலை மட்டமான வேலையும் இல்லை, உனக்குப் பிடித்து வந்தால் நானே ஸ்டேஷனில் வந்து நிற்பேன். பயந்து வராதே, அவ்வளவுதான் கேட்கிறேன். டாக்டர் சரியாகும் என்கிறார், நீ ஆகாது என்கிறாய். தொண்டையை உள்ளே விளக்கடித்துப் பார்த்தவர் அவர், நீ இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது மகளே, உன் குரலைக் கேட்காமல் இந்த வீடு வீடாகவே இல்லை.

ஒன்றே ஒன்று. பேசலாம் என்று டாக்டர் சொன்னதும் நீ முதலில் கூப்பிட வேண்டியது அம்மாவை. ஒருவேளை அதற்கு முன்பே கச்சேரியிலிருந்து பெயரை எடுக்கத் துணிந்துவிட்டால், அதை எனக்கு எழுதி அவளிடம் சொல்லச் சொல்லாதே. கொஞ்சம் பொறுத்திருந்து, குரல் வந்ததும் நீயே அவளுக்கு உன் வாயால் சொல். அந்தச் செய்தியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சொல்ல என்னால் ஆகாது.

கர்த்தர் உன்னைக் காத்து நல்ல புத்தியும் பலமும் தரட்டும். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வெளியே போ, ஐஸ் தண்ணீர் தொடாதே. நஸ்னீனிடமும் பேசாதே, அவள் வாயாடி, உன்னைப் பேச வைத்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ச. ஜெபகுமார்.