சாயங்கால ஊசி

திருவள்ளூர்
12-8-1974

அம்மாவுக்கு கோவிந்தம்மா கும்பிட்டு எழுதுவது. உன் முட்டி வலி தேவலையா? நைனா ஏரிக்குப் போறாரா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இந்த ஊட்டு டீச்சரம்மாவோட பூனைக்குச் சர்க்கரை வியாதி. மனுசருக்குப் போடுற இன்சுலினைத்தான் ரெண்டு வேளையும் போடணும். அவங்களுக்குக் கை நடுங்கறதால நான்தான் ரெண்டு யூனிட் அளந்து போடறேன். போன செவ்வாய்க்கிழமை ஊசி போட்டதும் பூனை தின்னதெல்லாம் வாந்தி எடுத்து, ஒரு மணி நேரத்துல சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய், கை கால் இழுத்துக்கினு விழுந்துட்டது. மாட்டு டாக்டர் சொல்லியிருந்த மாதிரி சர்க்கரைத் தண்ணியை ஈறுல தடவினேன். கொஞ்ச நேரத்துல எழுந்துட்டது. நீ பயப்படாதே.

தங்கச்சி செல்லி கல்யாணத்துக்கு லீவு கேக்க அன்னிக்குத்தான் நினைச்சிருந்தேன். அதுக்குள்ள டீச்சரம்மா என் கையைப் பிடிச்சுக்கினு, "நீ ஒரு வேளை இல்லாட்டியும் இது செத்துடும்டி"ன்னு அழுதாங்க. அப்புறம் நான் லீவே கேக்கலே. காலையில ஊசி போட்டுட்டுப் பழவேற்காடு வந்தா, சாயங்கால ஊசிக்குத் திரும்ப பஸ் இல்லேம்மா.

தங்கச்சிகிட்ட நீயே பக்குவமா சொல்லு. கல்யாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளையோட அவளை இங்க அனுப்பு. கொஞ்சம் இறால் கருவாடும் குடுத்தனுப்பு. எந்த நாள் வந்தாலும் நான் ஊட்லதான் இருப்பேன்.

மணி ஆறாவுது. ஊசியைக் கொதிக்க வைக்கணும்.

உன் மகள்
கோவிந்தம்மா