நர்சம்மாவுக்கு ஒரு மழைக்கோட்டு

22-11-82, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியல. சைக்கிள்ல அடி அண்ணாமலை போய்ச் சேர்றதுக்குள்ள புடவை முழங்கால் வரைக்கும் சேறு. பிரசவப் பையும் ஈரம்.

சாயந்திரம் தேரடி வீதி. தீபத்துக்கு வந்த கூட்டம். மழைக்கு ஏதாவது வாங்க மூணு கடை ஏறினேன்.

குடை: ஒத்தைக் கையால ஹேண்டில்பார். முடியாது.

பிளாஸ்டிக் போர்வை: பை நனையாது. காத்தடிச்சா மூஞ்சியில ஏறும்.

ரப்பர் கோட்டு: நல்லது. ஆனா ஆம்பளை அளவு, கனம் ஜாஸ்தி, பெடல்ல சிக்கும்.

"சைக்கிள்ல போற லேடீஸே கம்மி. அவங்களுக்குன்னு எங்கம்மா வருது?" கடைக்காரர். போட்டுப் பாத்தேன். கண்ணாடியில லாரி கிளீனர் மாதிரி. பக்கத்துல நின்ன ஆள் சிரிச்சான். கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன். நாளைக்குப் பாத்துக்கலாம்.

23, செவ்வாய்

காலையில ஆறு மணிக்குக் கதவு தட்டற சத்தம். கொட்டற மழை. அடி அண்ணாமலை கஸ்தூரியோட வீட்டுக்காரர், தொப்பலா நனைஞ்சு. "வலி கண்டுடுச்சு நர்சம்மா. உடனே வரச் சொன்னாங்க."

தலைப்பிரசவம், நேரம் எடுக்கும்னு நினைச்சேன். "நீங்க போங்க. மழை விட்டதும் வரேன்"னேன்.

முக்கால் மணி நேரம் ஜன்னல்கிட்ட நின்னேன். விடல. கடைசியில நனைஞ்சுக்கிட்டேதான் போனேன்.

குழந்தை பொறந்திருந்தது. கழுத்துல கொடி சுத்தி, நீலமா. வாயில ஊதினேன். முதுகைத் தேச்சேன். மூச்சு வரல. ஆம்பளைப் புள்ள.

முன்னாடியே போயிருந்தா அவுத்து விட்டிருப்பேன். ஒரு நிமிஷ வேலை.

மாமியார், "இந்த மழையில நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னாங்க. யாராவது திட்டியிருக்கலாம்.

24, புதன்

சோறு இறங்கல. ரிஜிஸ்டர்ல எழுதினேன்: ஆண், இறந்து பிறந்தது.

சாயந்திரம் அதே கடை. ரப்பர் கோட்டு வாங்கினேன். கண்ணாடி பக்கம் போகல. தையல்காரர் முழங்காலோட வெட்டிக் குடுத்தார்.

26, வெள்ளி

மழை. கோட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. வழியெல்லாம் அழுதேன்.

கஸ்தூரிக்குக் காய்ச்சல். பால் கட்டிக்கிட்டு மார் கல்லு மாதிரி. துணி வெச்சு இறுக்கிக் கட்டினேன். மாத்திரை குடுத்தேன். மாமியார் வெளிய போனதும் சொல்லிட்டேன்.

"கஸ்தூரி, அன்னிக்கு நான் உடனே கிளம்பல."

சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

"தெரியும் நர்சம்மா. மழை விட்டதும் வருவீங்கன்னு அவரு வந்து சொன்னாரு. நானும் கூரையையே பாத்துட்டுக் கிடந்தேன். மழைச் சத்தம் கொஞ்சம் குறையறப்பல்லாம், இதோ கிளம்பிட்டாங்கன்னு நினைச்சுக்குவேன்."