தக்கை தைத்த சப்பாத்து

பலகைக் கால்காரியே,

இன்று காலை மகள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தாள். செருப்புக்குள் வைத்துக்கொள்கிற மெத்தையாம். என்னைப் போல் உள்ளங்கால் வளைந்தவர்களுக்கென்றே செய்ததாம். உறையைக் கிழித்ததும் தக்கை வாசனை வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். "என்னம்மா கண்ணு கலங்குது, காலு அவ்ளோ வலிக்குதா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் கதையை ஆரம்பித்தால் அவள் ஆபீசுக்குப் போன மாதிரிதான்.

நீ கண்ணை மூடிய பிறகு இதைக் காட்டிச் சிரிக்க எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய புதிது அது. நாம் இருவரும் பெரியாஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து முடித்திருந்தோம். பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாய்மார்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்ப்பதற்குப் புதிதாக ஒரு வேலை போட்டார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அரியாங்குப்பம் வழியாகத் தவளக்குப்பம் வரை சைக்கிளில் போய்வர வேண்டும். வேலை ஒன்று, சைக்கிளும் ஒன்று, ஆள் மட்டும் இரண்டு. ஒரு மாதம் நாள் மாற்றி நாள் போய்வாருங்கள், தாக்குப்பிடிக்கிறவள் இங்கே, மற்றவள் காரைக்காலுக்கு என்று தலைமை நர்ஸம்மா சொல்லிவிட்டார். முத்தியால்பேட்டை வீட்டில் என் அப்பா பாதி நாள் இழுப்போடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்னை விட்டால் யாருமில்லை. உனக்கோ அம்மா, அப்பா, படிக்கிற தம்பிகள், அத்தனை பேரும் இங்கே. காரைக்கால் இருவருக்குமே வேண்டாம். அது தெரிந்துகொண்டேதான் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

முதல் நாளே என் கால் மானத்தை வாங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துக்கு அடி அப்பளம் மாதிரி. பெடல் இரும்பு நேராக உள்ளங்கால் குழிக்குள் ஏறியது. புறங்கால் எனக்கு மேடு. கயிற்றை இறுக்கினால் மேலே வலி, தளர்த்தினால் சப்பாத்து கழன்று ரோட்டில் கிடக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். நான் பார்க்கப் போன பிள்ளை பெற்றவளே எழுந்து எனக்குப் பாய் விரித்தாள் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்.

மறுநாள் உன் முறை. காற்றில் முந்தானை பறக்க நீ போன வேகத்தையும் வந்த வேகத்தையும் நர்ஸம்மா வாசலில் நின்று பார்த்து மெச்சினார். நான் உள்ளே வெந்நீரில் காலை ஊறப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டேன். நீ வந்தாய். நான் காலைத் தூக்கித் தரையில் வைத்த ஈரத் தடத்தைக் குனிந்து பார்த்தாய். "என்னாடி இது, நடுவுல ஒண்ணுமே இல்ல? குதிகால் ஒரு ஊரு, வெரலு ஒரு ஊரா?" என்றாய். உன் காலை நனைத்துப் பக்கத்தில் வைத்தாய். பலகை போட்டாற்போல் முழுசாகப் பதிந்தது. அன்றிலிருந்துதான் உனக்கு அந்தப் பட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடை கடையாக இழுத்துப்போனாய். பெண்களுக்கென்று இருந்தவை எல்லாம் குதி உயர்ந்தவை, சைக்கிளுக்கு ஆகாது. ஆண்களுடையது எனக்குத் தோணி. கடைசியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற கறுப்புத் தோல் சப்பாத்தை எடுக்கச் சொன்னாய். அடியை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாய், வளையவில்லை. "இதாண்டி வேணும். இத்த மீறி பெடல் குத்தாது." கயிற்றை நீயே உருவி, என் கால் மேட்டுக்கு நேராக இருந்த துளைகளை விட்டுவிட்டு மேலும் கீழும் மட்டும் கோத்தாய். மேல்வலி அங்கேயே போயிற்று.

உள்வலி போகவில்லை. நான் என் சொந்தப் புத்தியில் இலவம்பஞ்சை அடைத்துப் பார்த்தேன். அரியாங்குப்பம் வருவதற்குள் பஞ்சு தட்டையாகி, கால் பழையபடி அந்தரத்தில் தொங்கியது. "காலுக்கு மெத்தை போடாதடி, முட்டுக் குடு" என்றாய்.

உன் அப்பா வெள்ளைக்காரர் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவர். அங்கே குப்பைக்குப் போகிற ஒயின் பாட்டில் தக்கைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாய். வில்லை வில்லையாகச் சீவி, நடுவில் உயர்த்தி ஓரத்தில் இறக்கி அடுக்கி, கட்டுத்துணிக்குள் வைத்து வளைந்த ஊசியால் தைத்தாய். நம் தாய்மார்களுக்குப் போடுகிற தையலைவிட அது நேர்த்தியாக இருந்தது. ஒரு தடவை கேட்டேன், "நான் ஓட்டாம போனா உனக்குத்தானடி நல்லது?" நூலைப் பல்லால் கடித்தபடி, "வாய மூடிட்டு காலக் காட்டு" என்றாய்.

அதை வாங்கி நான் செய்த காரியத்தை உலகத்தில் வேறு எந்த மருத்துவச்சியும் செய்திருக்க மாட்டாள். கைக்கு வந்ததைக் கொதிநீரில் போடாமல் தொடாதே என்று நமக்கு ஊட்டி வளர்த்திருந்தார்கள் அல்லவா? இடுக்கி, கத்தரியோடு உன் தக்கையையும் போட்டு மூடிவிட்டேன். திறந்தபோது அறை முழுக்கப் பழைய ஒயின் வாடை. தக்கை உப்பி, தொட்டால் அமுங்கியது. இத்தனை நாள் வேலையும் போயிற்று, இனி காரைக்கால்தான் என்று உட்கார்ந்து அழுதேன். நீ வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாய். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாய். சிரிப்பு நின்றது.

"அழுவாத. சூடு தாங்கற பதத்துல போட்டு மிதி. சீக்கிரம்."

சப்பாத்துக்குள் அதை வைத்து, என்னைச் சைக்கிளில் ஏற்றி, நீ ஸ்டாண்டைப் போட்டுப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டாய். ஆறுகிறவரைக்கும் நின்ற இடத்திலேயே மிதித்தேன். நீ பிடியை விடவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் என் கால் குழியின் அச்சு அப்படியே அதில் இருந்தது. அடுத்த முறை தவளக்குப்பம் போய்த் திரும்புகிறவரை நான் எங்கேயும் இறங்கவில்லை. உள்ளங்காலை யாரோ கையில் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது.

மாதம் முடிந்தபோது இருவருமே தாக்குப்பிடித்திருந்தோம். நர்ஸம்மா யோசித்தார். காரைக்காலில் துணைக்கு ஆள் இல்லை, தனியாகச் சமாளிக்கிற கைகாரி வேண்டும் என்று உன்னை அனுப்பினார். நான் நொண்டிக்கொண்டே இருந்திருந்தால் நீ இங்கேயே இருந்திருப்பாய்.

பஸ்ஸில் நீ ஏறுகிற நேரத்தில், "அந்தத் தக்கைய நீ தைக்காம இருந்திருக்கலாம்டி" என்றேன். பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாய்: "உன் காலு வலியில நான் ஒரு வேலைய வாங்கிட்டு, தெனம் அந்தச் சைக்கிள்ல எப்பிடி ஏறுவேன்? போ, அப்பாவுக்கு மருந்து நேரம்."

அப்பா அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தார். போகிறபோது அவர் தலை என் மடியில் இருந்தது. உன் அம்மா போனபோது, காரைக்காலிலிருந்து நீ வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வெறும் கட்டிலின் பக்கத்தில் நின்றாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நீயாக வந்து என் தோளைத் தொட்டு, "சைக்கிள்லியா வந்த? காலு எப்பிடி இருக்கு?" என்று கேட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். உனக்கு அது வராது. உன்னை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

பிறகு எத்தனையோ பேரோடு ஒரே நாற்காலிக்குப் போட்டியில் நின்றிருக்கிறேன். எதிரே நிற்கிறவளை வெறுத்தால்தான் ஜெயிக்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை. கண் தானாகக் கீழே இறங்கி, அவளுக்குச் செருப்பு எங்கே கடிக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறது.